ஊறல் தொட்டியின் சக்கரம்: புதுவயல் பக்கம் நான்கு நாட்கள்

வரிசைப்படுத்திக்கொள்ளாமல் எனக்கு எதையும் எழுத வராது. இந்தப் பதிவில் வருவன:

1. நான் ஏன், எப்போது போனேன்.
2. திருச்சியிலிருந்து மானகிரி, அங்கிருந்து புதுவயல்: வழி, நேரம், செலவு.
3. செவ்வாய்க்கிழமை நடந்த ஆய்வு வீணாய்ப் போனதற்கு நானே காரணம் என்பது.
4. வியாழக்கிழமை ஆலைத் தொழிலாளர்களும் கண்மாய்க்காரர்களும் சேர்ந்து செய்த காரியம்.
5. அந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்.

மூன்றாவதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். விட்டால் நான்காவது புரியாது. எனவே எழுதுகிறேன்.

இந்த வலைப்பதிவைப் படிப்பவர்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். செட்டிநாடு என்றதும் பெரிய வீடுகளின் படங்களை எதிர்பார்ப்பீர்கள். இந்த முறை ஒரு வீட்டுக்குள்ளும் நான் போகவில்லை. போனது ஓர் அரிசி ஆலைக்கும், அதன் பின்புறம் ஓடும் வாய்க்காலுக்கும்.

நான் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன். பாடம் நடத்தியதைவிடக் குடுவை கழுவச் சொல்லிக்கொடுத்ததுதான் அதிகம். என் சகலை சூசை மானகிரியில் இருக்கிறார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவருடைய பூர்வீக வயல் புதுவயலுக்கு அருகே ஒரு கண்மாயின் பாசனத்தில் இருக்கிறது. அந்தக் கண்மாய்ப் பாதுகாப்புக் குழுவுக்கு அவர்தான் செயலாளர். மாசி மாதத் தொடக்கத்தில், ஒரு வெள்ளிக்கிழமை, தொலைபேசியில் கூப்பிட்டார்.

“சகலை, செவ்வாய்க்கிழமை காலையில பத்து மணிக்கு ஆலையில வந்து தண்ணி எடுக்கப் போறாக. ஒழுங்கா எடுக்குறாகளான்னு பாக்க விவரம் தெரிஞ்ச ஆளு எங்க பக்கம் ஒருத்தர் வேணும். நீங்க சும்மா நின்னாப் போதும்.”

சும்மா நிற்பது எனக்கு வரும். சரி என்றேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புழுங்கல் அரிசிக்கு நெல்லைத் தொட்டியில் தண்ணீர் விட்டு ஏறக்குறைய ஒரு நாள் ஊறவைக்கிறார்கள். பிறகு அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு நெல்லை அவிக்கிறார்கள். வடிக்கும் தண்ணீர் காப்பி நிறத்தில், புளித்த வாடையோடு வரும். இந்த ஆலையில் அது சுத்திகரிக்கப்படாமல் நேராக வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து கண்மாய்க்கும் போய்க்கொண்டிருந்தது. மாடு அந்தத் தண்ணீரைக் குடிப்பதில்லை. இறங்கிக் குளித்தால் உடம்பு அரிக்கிறது.

இரண்டு வருடங்களுக்கு முன் கண்மாய்க் குழு தனியாகப் புகார் கொடுத்து, ஆலை சில வாரங்கள் மூடிக் கிடந்தது. தண்ணீர் தெளியவில்லை, தொழிலாளர்களின் வீட்டு உலைதான் நின்றது. அதன் பிறகு இரு தரப்பும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஒரே தெருவில் கல்யாணத்துக்குக்கூடப் பத்திரிகை வைக்கவில்லை என்று சூசை சொன்னார்.

அதை மாற்றியவர் பாக்கியம். வயது நாற்பத்தைந்து இருக்கலாம். ஆலைக் களத்தில் நெல் காயப்போடும் பெண்களில் ஒருவர். தொழிலாளர் சங்கத்தின் ஆலைக் கிளைக்குச் செயலாளர். அவர் வீடும் அதே கண்மாய்க் கரையில்தான். களத்தில் உமிச் சாம்பல் கண்ணில் விழுவதும், வீட்டில் தண்ணீர் நாறுவதும் ஒரே ஆலையால்தான் என்று அவர் இரண்டு பக்கமும் போய்ப் பேசி, ஓர் ஒப்பந்தம் எழுதவைத்தார். ஆலை சுத்திகரிப்புத் தொட்டி கட்ட வேண்டும்; சாம்பல் பறக்காமல் மூட வேண்டும்; ஆனால் ஆலையை மூடச்சொல்லி யாரும் கேட்கக் கூடாது; கட்டுமான வேலைக்காக நிறுத்தும் நாட்களுக்குக் கூலி உண்டு. எந்த மனுவிலும் இரு தரப்பின் கையெழுத்தும் இருக்க வேண்டும். இந்த ஆய்வும் அப்படிச் சேர்ந்து கொடுத்த மனுவின் பேரில்தான். “ஒருத்தருக்கும் ஒரு நாள் வேலை போகாது” என்று தன் ஆட்களிடம் அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்கின் மேல்தான் எல்லாம் நின்றுகொண்டிருந்தது.

இதில் பாதிதான் புறப்படும்போது எனக்குத் தெரியும். ஆய்வுத் தேதி ரகசியம் என்பது தெரியாத மற்றப் பாதியில் இருந்தது. சூசை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இனி வழி. திங்கட்கிழமை காலை திருச்சியில் 6.25 பஸ். புதுக்கோட்டை, திருமயம் வழியாகக் காரைக்குடிக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் போல வரும். கட்டணம் எழுபத்தைந்து ரூபாய். 8.55க்கு இறங்கினேன். ஓட்டுநருக்குப் பின்னால் மூன்றாவது வரிசை, இடது பக்கம் உட்கார்ந்தால் காலை வெயில் படாது என்று குறித்து வைத்திருந்தேன். பட்டது. காரைக்குடி பேருந்து நிலையத்தில் கட்டணக் கழிப்பறை ஐந்து ரூபாய், பரவாயில்லை. அங்கிருந்து மானகிரிக்கு டவுன் பஸ், இருபது நிமிடம், பன்னிரண்டு ரூபாய்.

செவ்வாய் காலை 8.10க்கு நானும் சூசையும் காரைக்குடி வந்து, 8.45க்குப் புதுவயல் பஸ் ஏறினோம். பத்து கிலோமீட்டர், இருபத்தைந்து நிமிடம், பதின்மூன்று ரூபாய். புதுவயல் நெருங்க நெருங்க நெல் மூட்டை லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும். அறுவடைக் காலத்தில் இந்தப் பத்து கிலோமீட்டருக்கு நாற்பது நிமிடம் ஒதுக்குங்கள். புதுவயலில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். ஆலை பெயரைச் சொன்னதும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

“இன்னைக்கா போறீக? இன்னைக்கு அங்குட்டு ஆபீசருக வாராகன்னு சொன்னாக.”

“யாரு சொன்னா?” என்றார் சூசை.

“எல்லாருந்தான் பேசிக்கிறாக.”

எண்பது ரூபாய்.

ஆலை வாசலில் மேலாளர் நின்றிருந்தார். பெயர் சுப்பையா. ஐம்பது வயது, வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. சூசைக்கு வணக்கம் சொல்லிவிட்டு என்னிடம் வந்தார்.

“வாங்க சார். நேத்து 6.25 பஸ்ல வந்தீகளா, இல்ல அடுத்ததா?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“நான்தான் சார் எழுதினேன். 6.40 இல்ல, 6.25ன்னு. உங்க பதிவெல்லாம் விடாமப் படிப்பேன். திட்டத்தைப் பாத்துட்டு உங்களுக்கும் டீ சொல்லி வச்சிருக்கேன்.”

இந்த வலைப்பதிவின் பழைய வாசகர்களுக்குத் தெரியும்: ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் திட்டத்தை நேரத்தோடு பதிவிடுவது என் வழக்கம். யாராவது திருத்துவார்கள், எனக்கு அலைச்சல் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழரை மணிக்கு அப்படித்தான் பதிவிட்டேன். அதில் ஒரு வரி: செவ்வாய், காலை 10.00, புதுவயல் அருகே அரிசி ஆலையில் கழிவுநீர் ஆய்வு, சகலையுடன். கீழே ‘காரைக்குடி வாசகர்’ என்ற பெயரில் ஒருவர் பஸ் நேரத்தைத் திருத்தியிருந்தார். நான் நன்றி எழுதினேன்.

டீ நன்றாக இருந்தது. பாதியோடு வைத்துவிட்டேன்.

பத்து மணிக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரிகள் இருவர் ஜீப்பில் வந்தார்கள். உள்ளே போனோம். ஊறல் தொட்டிகள் ஆறும் காலி. கழுவித் துடைத்து, அடியில் ஒரு நெல்மணிகூட இல்லை. களத்தின் ஓரத்தில் புது மூட்டைகள் அடுக்கியிருந்தன. எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

“இந்த வாரம் பச்சரிசிதான் சார் ஓட்டுறோம். ஆர்டர் அப்படி” என்றார் சுப்பையா.

பச்சரிசிக்கு நெல்லை ஊறவைப்பதில்லை. ஊறல் இல்லையென்றால் வடிக்கும் தண்ணீர் இல்லை. வாய்க்கால் வாயில் போய்ப் பார்த்தோம். ஈரம்கூடக் காய்ந்திருந்தது. அதிகாரிகள் ஒரு பாட்டிலையும் திறக்காமல் 10.40க்குக் கிளம்பினார்கள். வியாழன்வரை காரைக்குடிப் பக்கத்து ஆலைகளில்தான் இருப்போம், ஆனால் காரணமில்லாமல் மறுபடி இங்கே வர முடியாது என்று மூத்தவர் சொன்னார். அவர் மேல் தப்பில்லை.

களத்தில் நெல்லைக் காலால் கிண்டிக்கொண்டிருந்த பெண்கள் வரிசையாய் நின்று எங்களைப் பார்த்தார்கள். நடுவில் நின்றவர்தான் பாக்கியம் என்று சூசை காட்டினார். அவர் முகத்தில் கோபம் எதுவும் தெரியவில்லை. தலைத்துண்டை அவிழ்த்து உதறி மறுபடி கட்டிக்கொண்டார்.

மாலை நான்கு மணிக்கு, வேலை முடிந்த பிறகு, கிராமத்து வேதக்கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, பக்கத்திலிருக்கும் தகரக் கொட்டகையில் இரு தரப்பும் கூடினார்கள். பதினைந்து இருபது பேர். ஆய்வுத் தேதி சங்கத்தில் ஐந்து பேருக்கும் குழுவில் ஐந்து பேருக்கும் தெரிந்திருந்தது. ஆகவே எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் பேசியவர் மிக்கேல். கண்மாய்க் குழுவில் அதிக வயல் உள்ளவர். மடியில் ஒரு ரெக்சின் பை.

“ஏம்மா பாக்கியம், நான் சுத்தி வளைக்கல. ஆலைக்குள்ள இருக்கவுகதான் ஆலைக்குள்ள சொல்ல முடியும்.”

“அப்ப நாங்க சொன்னோம்ங்குறீக.”

“நான் யார் பேரையும் சொல்லல.”

“பேரச் சொல்லாட்டா என்ன, பாத்துக்கிட்டே இருக்கீகள்ல என்னைய.”

சங்கத்துப் பக்கமிருந்து ஒருவர், “உங்க ஆளுகல்ல ரெண்டு பேரு ஆலைக்கு நெல்லு விக்கிறவுகதான, அத யாரு கேக்குறது” என்றார். பெஞ்சு நகரும் சத்தம். சூசை எழுந்து கையமர்த்தினார். யாரும் அமரவில்லை.

மிக்கேல் பையைத் தட்டினார். “இதுல மூடச்சொல்லி மனு இருக்கு. வக்கீலு தயாராத்தான் இருக்காரு. வெள்ளிக்கிழமை கோர்ட்டுல போடுறோம். ஒப்பந்தம் இன்னையோட முடிஞ்சுச்சு.”

“போட்டா ஆலை மூடும்” என்றார் பாக்கியம். “இது சீசன். இப்ப மூடுனா களத்துல நாப்பது பொம்பளைக எங்க போறது? நான் அவுகளுக்கு வாக்குக் குடுத்துருக்கேன்.”

“கொடுத்தவுக காப்பாத்தியிருக்கணும்.”

பாக்கியத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண் ஒருத்தி, “அப்பவே சொன்னேன், இவுக சங்காத்தம் வேணாம்னு” என்று முணுமுணுத்தாள். பாக்கியம் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்த நேரமெல்லாம் நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். நேரத்தைக் குறித்திருக்கிறேன்: 4.05 முதல் 4.50 வரை. நாற்பத்தைந்து நிமிடம் எனக்குத் தெரிந்ததை நான் சொல்லவில்லை. எழுந்து போய்ப் பானையில் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். சொன்னால் சூசைக்குத் தலைக்குனிவு, சொல்லாவிட்டால் பாக்கியத்துக்கு என்று இரண்டு பக்கமும் போட்டுப் பார்த்தேன். உண்மையில் எனக்கு வரும் தலைக்குனிவைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசியில், வகுப்பில் பையன்கள் தூக்குவதுபோல் கையைத் தூக்கினேன்.

“சொல்லுங்க சகலை” என்றார் சூசை, நான் ஏதோ சமாதானம் சொல்லப் போகிறேன் என்று நினைத்து.

வலைப்பதிவு என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து மிக்கேலிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். “செவ்வாய், காலை பத்து மணி. அரிசி ஆலையில் கழிவுநீர் ஆய்வு. சகலையுடன்.” சற்று நிறுத்தி, “மதியம் 1.30, சாப்பாடு, மோர் மட்டும்” என்பதையும் படித்தார்.

கொட்டகையில் யாரோ சிரித்தார்கள். பிறகு இன்னும் இரண்டு பேர்.

“ஏன் சகலை,” என்றார் சூசை மெதுவாக, “உங்களுக்கு ஒரு ரகசியம் சொன்னா, அதையும் நேரம் போட்டு எழுதுவீக போல.”

“ரகசியம்னு நீங்க சொல்லல” என்றேன்.

“வாத்தியாரு சொல்லணும்ல” என்று சங்கத்துப் பக்கமிருந்து ஒருவர் சொல்ல, இப்போது இரண்டு பக்கமும் சிரித்தது.

பாக்கியம் மட்டும் சிரிக்கவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “சார் சொல்லுறது சரியாத்தான் இருக்கும்” என்றார். பிறகு மிக்கேலிடம் திரும்பி, “எங்க பக்கமும் இல்ல, உங்க பக்கமும் இல்ல. ஆச்சா? இனிமே ஆக வேண்டியதப் பேசுவோம்.”

அவர் பேசியதை என் குறிப்பேட்டிலிருந்து தருகிறேன். “பச்சரிசிக்கு நெல்லு நாளைக்கு வரைக்குந்தான் காணும். புழுங்கலுக்கு லாரி காத்துக் கெடக்கு. நாளைக்குக் காலையில தொட்டியில நெல்லப் போட்டே ஆகணும். போடச் சொல்லுவாக, போடுவோம். வியாழக்கிழமை காலையில வடிக்கணும். அடியில இருக்க சக்கரத்தைத் திருப்புனாத்தான் வடியும். அத மட்டும் நாங்க திருப்ப மாட்டோம். மத்த வேல எல்லாம் பாப்போம். ஆபீசரு வந்து பாட்டில்ல புடிக்கிறேன்னா திருப்புறோம்.”

“மேனேஜரே திருப்பிட்டா?” என்றார் மிக்கேல்.

“அதுக்குத்தான் நீங்க. வெளிய வாய்க்கா வாயில நீங்க பாட்டிலோட நிக்கணும். அவரு திருப்புனா உங்களுக்குத் தண்ணி. திருப்பாட்டா அவுகளுக்கு நெல்லு புளிச்சுப் போகும். உள்ள நாங்க, வெளிய நீங்க. ஒரு பக்கம் இல்லாட்டா இது ஆகாது.”

மிக்கேல் யோசித்தார். “வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்போம்” என்று பையின் ஜிப்பை மூடினார். அவ்வளவுதான் அவர் விட்டுக்கொடுத்தது.

கிளம்பும்போது பாக்கியம் என்னிடம் வந்து, “சார், அந்தப் பாட்டில் வேல உங்களுக்குத்தான். இத மட்டும் இப்ப எழுதிறாதீக” என்றார்.

புதன்கிழமையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நான் காரைக்குடியில் ஒரு மருந்துக்கடையில் அரை லிட்டர் பாட்டில்கள் பன்னிரண்டும், மீன் கடையில் ஐஸ் வைக்கும் தெர்மகோல் பெட்டி ஒன்றும் வாங்கினேன். மொத்தம் ஐந்நூற்றுப் பத்து ரூபாய். இரவெல்லாம் போலீஸ் வந்தால் என்ன சொல்வது என்று மனத்துக்குள் எழுதி எழுதித் திருத்திக்கொண்டிருந்தேன். நான்கு விதமாக எழுதியும் திருப்தியில்லை.

வியாழன் காலை 6.30க்கு நானும் சூசையும் மிக்கேலும் இன்னும் ஆறு பேரும் ஆலையின் பின்சுவருக்கு வெளியே, வாய்க்கால் வாயில் உட்கார்ந்தோம். சுவரில் ஒரு குழாய். அதற்கு நேர் உள்ளேதான் ஊறல் தொட்டிகள். சுவர் தலை உயரம்தான். கல் மேல் ஏறினால் உள்ளே தெரியும். முந்தைய நாள் காலை ஏழு மணிக்கு நெல் தொட்டியில் விழுந்தது; இன்று ஏழு மணிக்குச் சரியாக இருபத்து நான்கு மணி நேரம் ஆகும். அதற்கு மேல் நாலைந்து மணி நேரம் போனால் நெல் புளிக்கும், அரிசி நாறும், எவனும் வாங்க மாட்டான் என்று மிக்கேல் சொன்னார்.

7.00. உள்ளே சங்கு ஊதியது. களத்தில் பெண்கள் இறங்கி வேலையைத் தொடங்கினார்கள். பாய்லர் ஓடியது. சக்கரத்தின் பக்கம் யாரும் போகவில்லை.

7.20. சுப்பையா களத்துக்கு வந்து கேட்டார். பாக்கியத்தின் பதில் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. “எல்லா வேலையும் நடக்குதே சார். அந்த ஒண்ண மட்டும் ஆபீசரு வந்தா செய்யுறோம்.”

“ஒனக்கு என்ன வேணும்னு கேட்டா சொல்லு. முதலாளிட்ட பேசி வாங்கித் தாரேன்.”

“எனக்கு ஒண்ணும் வேணாம். வேணுங்குறதெல்லாம் அந்தப் பேப்பர்ல இருக்கு.”

8.30. சென்னையிலிருக்கும் முதலாளியிடம் சுப்பையா போனில் பேசுவது கேட்டது. நாளையிலிருந்து வெளியாள் வைத்து ஓட்டுவதாக முதலாளி சொல்கிறார் என்று களத்தில் அறிவித்தார். கிண்டும் கால்கள் ஒரு நிமிடம் நின்றன. முணுமுணுப்பு எழுந்தது. ஒரு பெண் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, “பாக்கியம், எம்புள்ளைக்கு ஃபீஸ் கட்டணும்டி” என்றாள். பாக்கியம் அவளிடம் போய் என்ன சொன்னார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. அந்தப் பெண் மண்வெட்டியை எடுக்கவில்லை, வெளியேயும் போகவில்லை. நிழலில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சூசை 8.40க்கு அதிகாரிக்குப் போன் செய்தார். எடுக்கவில்லை. 9.05, எடுக்கவில்லை. 9.30க்கு எடுத்தார். ஆலை நிர்வாகமோ தொழிலாளர்களோ கூப்பிட்டால் வரலாம், வெளியாள் கூப்பிட்டால் வர இயலாது என்றார். சூசை சுவருக்கு மேலாகப் பாக்கியத்தைக் கூப்பிட்டுப் போனை நீட்டினார். ஒரு கண்மாய்க்காரரின் போனில் ஒரு சங்கத்துச் செயலாளர் பேசி அதிகாரியை வரச்சொன்னது அப்படித்தான். ஆனால் அதிகாரி அப்போது வேறொரு ஆலையில் இருந்தார். வர இரண்டு மணி நேரம் ஆகும்.

10.15. இதுதான் நான் பயந்த நேரம். வாடை மாறிவிட்டிருந்தது. இதுவரை ஊறிய நெல்லின் இனிப்பு வாடை. இப்போது அதில் லேசாகப் புளிப்பு. சுப்பையா தானே தொட்டிகளுக்கு நடுவில் இறங்கிச் சக்கரத்தில் கைவைத்தார். யாரும் தடுக்கவில்லை. தடுக்கக் கூடாது என்று பாக்கியம் முன்பே சொல்லியிருந்தார். பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கல் மேல் நின்றிருந்த மிக்கேல், “பாட்டில்” என்று மட்டும் சொன்னார். நான் மூடியைத் திறந்தேன். மூடி கைதவறி வாய்க்காலில் விழுந்தது. அடுத்த பாட்டிலை எடுத்தேன்.

சுப்பையா கையை எடுத்துவிட்டுப் பின்வாசல் வழியாக வெளியே வந்தார். வரிசையாய் வைத்திருந்த பாட்டில்களையும், ஐஸ் பெட்டியையும், என் மடியிலிருந்த குறிப்பேட்டையும் பார்த்தார்.

“சார், இதையும் எழுதுவீகளா?”

இல்லை என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். “எழுதுவேன்” என்று வந்துவிட்டது. “நேரத்தோட.”

“எம்பேரு போடுவீகளா?”

“நீங்க செஞ்சதத்தான் போடுவேன். இன்னும் ஒண்ணும் செய்யலியே நீங்க.”

அவர் வாய்க்கால் பக்கம் திரும்பினார். அவர் ஊரும் பக்கத்து ஊர்தான் என்று பிறகு தெரிந்தது. “இருநூத்தம்பது மூட்ட நெல்லு சார்” என்றார், என்னிடம் இல்லை என்பதுபோல. பிறகு முதலாளியை அழைத்தார். இந்த முறை குரலை உயர்த்தவில்லை. “புளிச்சாலும் நட்டம் நமக்குத்தான்ணே. திறந்தாலும் வெளிய பாட்டிலோட நிக்கிறாக. ஆபீசரு வாராரு. முறையா எடுக்கட்டும்னு விட்டுருவோம்.” அந்தப் பக்கம் நெடுநேரம் பேச்சு. கடைசியில், “சரிங்கண்ணே.”

பெயர் போடலாம் என்று அவர் பிறகு சொன்னதால் போட்டிருக்கிறேன்.

11.25க்கு ஜீப் வந்தது. 11.40க்குச் சக்கரத்தைத் திருப்பியவர் பாக்கியம். குழாய் முதலில் இருமியது. பிறகு பழுப்பாக, நுரையோடு கொட்டியது. இந்த ஒரு வேலையில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை: பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, காற்று நிற்காமல் நிரப்பி, மூடி, ஐஸில் வைத்தல். அதிகாரி தன் பாட்டில்களை நிரப்பினார். ஒவ்வொரு மூடியின் மேலும் அவர் முத்திரை, சங்கத்தின் கையெழுத்து, குழுவின் கையெழுத்து. மிக்கேல் கையெழுத்திடும்போது பையைத் தரையில் வைத்திருந்தார். கிளம்பும்போது மறந்துவிட்டுப் போய், பாதி வழியிலிருந்து திரும்பி வந்து எடுத்துக்கொண்டார்.

நெல்லை அப்போதே அவித்தார்கள். தப்பித்தது, லேசான வாடைதான் என்று பாக்கியம் சொன்னார். வெள்ளிக்கிழமை மனு போடப்படவில்லை. இரண்டு வாரம் கழித்து ஆய்வு முடிவு வந்தது. அடுத்து வட்டாட்சியர் முன்னிலையில் பேச்சு. ஆலை ஓடிக்கொண்டிருக்கும்போதே தொட்டி கட்டவும், நிற்கும் நாட்களுக்குக் கூலி தரவும், சாம்பல் கொட்டுமிடத்துக்குக் கூரை போடவும் நிர்வாகம் எழுதிக்கொடுத்தது. வெளியாள் யாரும் வரவில்லை.

குறிப்புகள். அறுவடை முடிந்த மாதங்களில் புதுவயல் சாலையில் காலை எட்டுக்கு முன் அல்லது பத்துக்குப் பின் போங்கள். கண்ணாடி அணிந்து செல்லுங்கள். சாம்பல் கண்ணில் விழும். ஆலைகளை வெளியிலிருந்து பார்க்கலாம், உள்ளே போக அனுமதி கேளுங்கள், பெரும்பாலும் தருகிறார்கள். புதுவயல் கடைத்தெருவில் டீ பன்னிரண்டு ரூபாய். கழிப்பறைக்குக் காரைக்குடியிலேயே போய்விடுவது நல்லது. எங்கள் வயதில் ஒருவர் தனியாகப் போனால் திரும்பும் பஸ்ஸை மாலை ஐந்தரைக்குள் பிடித்துவிடவும். முக்கியமாக, பயணத் திட்டத்தை முன்கூட்டியே பதிவிடாதீர்கள். நான் நிறுத்திவிட்டேன். பஸ் நேரம் தப்பாய்ப் போனால் போகட்டும்.

மேலே உள்ளதை எழுதி முடித்ததும் உடனே வெளியிடப் பயந்து, அச்செடுத்துச் சூசை மூலம் பாக்கியத்துக்கு அனுப்பினேன். நேற்று மதியம் 1.10க்கு, களத்தில் சாப்பாட்டு நேரத்தில், அவர் கூப்பிட்டார்.

“எல்லாம் சரியா எழுதியிருக்கீக சார். அந்த மூணாவதுதான் தப்பு.”

“எதும்மா?”

“ஆய்வு உங்களால கெடல. அந்தப் பச்சரிசி நெல்லு லாரி சனிக்கிழமை மத்தியானமே வந்து இறங்கிருச்சு. நாந்தான் இறக்க ஆளு விட்டேன். அப்பவே மனசுக்குள்ள நெனச்சேன், விசயம் வெளிய போயிருச்சுன்னு. நீங்க எழுதுனது ஞாயித்துக்கிழமை சாயங்காலம்ல?”

குறிப்பேட்டைப் புரட்டினேன்: ஞாயிறு, மாலை 7.30. “அப்ப அன்னைக்குக் கொட்டகையில ஏம்மா சொல்லல?”

“சொல்லியிருந்தா? எங்க அஞ்சு பேருல ஒருத்தரா, அவுக அஞ்சு பேருல ஒருத்தரான்னு மறுபடி தொடங்கியிருப்பாக. வெள்ளிக்கிழமை மிக்கேலண்ணே பேப்பரப் போட்டிருப்பாரு. நீங்க ரெண்டு பக்கத்துலயும் இல்லாத ஆளு. நீங்களா வந்து கையத் தூக்குனீக. நான் விட்டுட்டேன். மனசுல வச்சுக்காதீக.”

“யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது சார். தெரிஞ்சா அப்பறம் அவுக கூட உக்காந்து எப்படிப் பேச?”

வெளியிடலாமா என்று கேட்டேன். “போடுங்க. புதுத் தொட்டிக்குக் கம்பி கட்டியாச்சு. இனி யாரு சொன்னதுன்னு ஒருத்தரும் கேக்கப் போறதில்ல” என்றார். பின்னால் யாரோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை களத்தின் ஓரத்தில் அந்த மூட்டைகளை என் கண்ணால் பார்த்தேன். எப்போது வந்தன என்று ஒருவரையும் கேட்கவில்லை. பஸ் நேரத்தில் பதினைந்து நிமிடப் பிழையைப் பொறுக்காத நான், குற்றம் என்னுடையது என்று தோன்றியதும் மேற்கொண்டு விசாரிப்பதை விட்டுவிட்டேன். சுப்பையாவும் பாவம், டீ சொல்லி வைத்ததாகத்தான் சொன்னார். மற்றதை நானே சேர்த்துக்கொண்டேன்.

ஆகவே, மேலே உள்ள வரிசையில் மூன்றாவது தவறு. திருத்தவில்லை, அழிக்கவுமில்லை. அந்தத் தவறு வெள்ளிக்கிழமைவரை அந்த ஊரில் ஒரு வேலை பார்த்திருக்கிறது.